மாப்பிள்ளையின் கண்ணாடி வீடு

மாமா அதை ஏர்கான் கழுவும் வாளிக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக் கொண்டுவந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அக்கா, சத்தம் போடாத” என்றார். சத்தம் போடவேண்டிய ஏதோ ஒன்று வாளிக்குள் இருக்கிறது என்று அம்மாவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டிக் காம்பாலேயே துண்டை விலக்கிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியில் ஏறி நின்றுகொண்டார்.

அப்போது நான் தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். மாமா அம்மாவின் தம்பி. கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் வந்து, ஏர்கான், அதாவது ஏசி, பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் டெக்னிஷியனாக இருந்தார். கிளமெண்டியில் எங்கள் வீட்டில், காரிடாரைப் பார்த்த சின்ன அறையில் தங்கியிருந்தார். அம்மாவும் கல்யாணமாகித்தான் சிங்கப்பூருக்கு வந்தவர். மாமா வரும்வரை அம்மாவுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா வாய்விட்டுச் சிரிப்பார் என்பதே மாமா வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வாளிக்குள் இருந்தது மணல் நிறத்தில், என் முழங்கை நீளத்துக்கு, தட்டையான வயிறோடு ஒரு பிராணி. தாடைக்குக் கீழே சின்னச் சின்ன முட்களாக ஒரு தாடி. அசையாமல் என்னைப் பார்த்தது. மாமா அதன் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவில் பாலைவனத்துப் பக்கம் இருப்பதாம். அம்மா நாற்காலியிலிருந்து இறங்காமல் மறுபடி ஒருமுறை எட்டிப்பார்த்தார்.

“இது ஓணான்தானேடா. தாடி வச்சா டிராகன் ஆயிடுமா?”

மாமா ஏர்கான் கழுவப் போன காண்டோ என்கிற வசதியான தனியார் அடுக்குமாடி வீடு ஒன்றில், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நாட்டைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்ததாம். இதைக் கொண்டுபோக முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அந்த வீட்டம்மா கண் கலங்கினாராம். மாமா இளகிவிட்டார். சின்ன வயதில் ஊரில் தான் கல்லால் அடித்த ஓணான்களுக்கெல்லாம் இது ஒரு பிராயச்சித்தம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, அந்தக் கணக்கை நீ ஊரிலேயே தீர்த்துக்கொண்டிருக்கலாமே என்றார்.

அதை வைக்க ஓர் இடம் வேண்டும். சும்மா ஒரு கூண்டு போதாது என்பதை மாமா கைபேசியில் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டார். அதற்கு ஒரு பக்கம் நல்ல வெயில் வேண்டும், இன்னொரு பக்கம் நிழல் வேண்டும். சூடு வேண்டும்போது வெயிலுக்கும் போதுமென்றால் நிழலுக்கும் அதுவாகவே போய்வர வேண்டும். எந்த நேரத்தில் எது வேண்டும் என்று அதற்குத்தான் தெரியும், நாம் இரண்டையும் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இதை மாமா எனக்குப் பாடம்போல விளக்கினார்.

எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் யாரோ ஒரு பெரிய மீன்தொட்டியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அரவானா மீன் வளர்த்தவராக இருக்க வேண்டும், அவ்வளவு நீளம். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. தண்ணீர்தான் நிற்காது, ஓணான் நிற்கும் என்றார் மாமா. இருவரும் தள்ளுவண்டியில் ஏற்றி மின்தூக்கியில் கொண்டுவந்தோம். வினிகர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தோம். மேல்தளத்தில் ஒரு வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. மிச்சமான டைல்ஸை மாமா கேட்டு வாங்கிவந்து வெட்டி, தொட்டியின் தரையில் இடைவெளி இல்லாமல் பதித்தார். மணல் போட்டால் அதைத் தின்றுவிடக்கூடும், வயிற்றில் அடைத்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்திருந்தார். டைல்ஸ் என்றால் துடைக்கவும் சுலபம். மழையில் முறிந்து விழுந்திருந்த மரக்கிளை ஒன்றைத் துணி காயப்போடும் கம்பத்தில் கட்டிக் காயவைத்து உள்ளே சாய்த்தோம். ஒளிந்துகொள்ள ஒரு குகை வேண்டும் என்றதும் அம்மாவின் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்தோம். விளக்குகள் மட்டும் அந்த வெள்ளைக்கார வீட்டிலிருந்தே வந்திருந்தன.

ஏர்கானிலிருந்து வரும் காற்றின் குளிரை அளக்க மாமாவிடம் துப்பாக்கிபோல ஒரு கருவி இருந்தது. அதைக்கொண்டு விளக்கின் கீழே டைல்ஸ் எவ்வளவு சூடு, சட்டிக்குள் எவ்வளவு சூடு என்று ஓயாமல் அளந்தார். சூடு போதவில்லை என்றால் விளக்கை இறக்குவார், அதிகமானால் ஏற்றுவார். நம் ஊர்க் காற்றின் ஈரம் அதற்கு ஆகாது என்று ஒரு பழைய கம்ப்யூட்டரின் காற்றாடியைக் கழற்றி மூடியில் பொருத்தினார். ஊர் முழுக்க வீடுகளைக் குளிரவைத்துச் சம்பளம் வாங்குகிறவர், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சூடாக்க இந்தப் பாடுபடுவதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தனியா விளக்கு, தனியா ஃபேன், ஞாயித்துக்கிழமை வெந்நீர்க் குளியல். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க” என்றார்.

மாப்பிள்ளை என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒட்டிக்கொண்டும்விட்டது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா மாமாவைக் கூப்பிடுவதும் மாப்பிள்ளை என்றுதான். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே “மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?” என்று அப்பா கேட்டால், எந்த மாப்பிள்ளையைக் கேட்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். நான் இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்வேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எல்லையில் சோதனைச் சாவடியில் சீருடை போட்ட வேலை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் லாரிகளையும் கார்களையும் நிறுத்திச் சோதிப்பார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று வேலைநேரம் மாறிக்கொண்டே இருக்கும். நான் பள்ளி முடிந்து வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நான் தூங்கப் போகும்போது அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை ஒரு காரின் கதவைக் கழற்றி, உள்ளே காலுறைகளுக்குள் திணிக்கப்பட்டிருந்த பறவைக் குஞ்சுகளைக் கண்டுபிடித்தார் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நான் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை தொட்டிக்குள் குடியேறிய மறுநாள், இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து தண்ணீர் குடிக்க வந்த அப்பா, மாமாவின் அறையில் புதிதாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே போனார். தொட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எங்கிருந்து வந்தது என்று மாமாவிடம் கேட்டார். மாமா சொன்னார். திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அவர்கள் நேற்றே விமானம் ஏறிவிட்டார்கள் என்றார் மாமா. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்போதும் மாப்பிள்ளை விஷயத்தில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“காரிடார் ஜன்னலைச் சாத்தியே வைங்க மாப்பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார்.

எனக்கு அப்பா மேல் மரியாதை கூடியது. வெளிக்காற்றின் ஈரம் பிராணிக்கு ஆகாது என்பதை எதையும் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டாரே. அதன்பின் அந்த ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிடுவதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். பள்ளியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்றார் அம்மா. ஏன் என்றேன். கண்ணு பட்டுடும் என்றார். அதுவும் சரியாகவே பட்டது. அவ்வளவு அழகான பிராணி எங்கள் பிளாக்கில் வேறு யாரிடமும் இல்லை.

மாப்பிள்ளையின் சாப்பாடு இரண்டு வகை. ஒன்று சில்வண்டு. பாடும் பறவைகள் வளர்ப்பவர்களுக்காகப் பறவைக் கடைகளில் உயிரோடு விற்பார்கள். மாமா ஒரு பையில் வாங்கிவருவார். ஒருமுறை பை கிழிந்து பாதிக்குமேல் தப்பித்துவிட்டன. பல நாள் எங்கள் வீட்டுக் குளிர்பதனப்பெட்டிக்குப் பின்னாலிருந்தும் சாமி அலமாரிக்குள்ளிருந்தும் அவை கத்திக்கொண்டே இருந்தன. சாமி கும்பிடும்போது முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று விடாமல் குரல் கொடுத்தது. அம்மா பாட்டை நிறுத்திவிட்டு, மாமாவை அழைத்து, இதைப் பிடிக்காவிட்டால் இன்று உனக்குச் சோறு கிடையாது என்று நிதானமாகச் சொன்னார்.

இன்னொன்று கீரை, காய். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனால் அம்மா எங்களுக்கு வாங்குவதை வாங்கிவிட்டு, கடைசியில் வேண்டாவெறுப்பாக ஒரு துண்டுப் பூசணியும் எடுப்பார். முதலில் மாமாதான் துருவினார். அவர் பெரிது பெரிதாகத் துருவுகிறார் என்று அம்மா பிடுங்கித் துருவ ஆரம்பித்தார். அதன்பின் அந்த வேலை அம்மாவுடையதாகிவிட்டது. காரிடாரில் பூஜைக்காக வளர்த்த செம்பருத்தியில் தினமும் ஒரு பூவைச் சாமிக்கும் ஒன்றை மாப்பிள்ளைக்கும் பறித்தார். சிவப்புப் பூவை அது வாயால் கவ்வி இழுத்துத் தின்பதை, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்ப்பார்.

எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. நான் பள்ளியிலிருந்து வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும், அது முன்னங்காலில் ஒன்றை மெல்லத் தூக்கி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கும். எனக்குக் கை அசைக்கிறது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். ‘எல்லாரிடமும்’ என்றால் வீட்டிலிருந்த மூன்று பேரிடமும். மாமா கைபேசியில் பார்த்துவிட்டு, தன்னைவிடப் பெரிய பிராணியைக் கண்டு ‘நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே’ என்று அது சொல்வதாகப் போட்டிருக்கிறது என்றார். கைபேசியில் போடுவதையெல்லாம் நம்பக்கூடாது என்று நான் மாமாவுக்குப் புத்தி சொன்னேன்.

மாதங்கள் இப்படிப் போயின. மாமாவுக்கு ஊரில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. வேலை அனுமதியைப் புதுப்பித்த கையோடு, தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. அம்மா தேக்காவுக்குப் போகும்போதெல்லாம் புடவைக் கடைகளுக்குள் நுழைந்து விலை கேட்டுவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் போனது. சில்வண்டு முகத்துக்கு முன்னால் நடந்துபோனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தரையைப் பிறாண்ட ஆரம்பித்தது. காலையில் விளக்கைப் போட்டதும் தொடங்கும். தொட்டியின் ஒரு மூலைக்குப் போய் முன்னங்கால்களால் டைல்ஸைப் பரபரவென்று சுரண்டும். ஒன்றும் ஆகாது. அடுத்த மூலைக்கு ஓடும். அங்கேயும் சுரண்டும். நகம் டைல்ஸில் உரசும் சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கே கேட்கும். தாடி கறுத்திருந்தது.

சூடு போதவில்லை என்று மாமா விளக்கை மாற்றினார். அதற்குப் பொழுது போகவில்லை என்று நான் என் ரப்பர் பந்தை உள்ளே போட்டேன். மாமா துப்பாக்கிக் கருவியால் மூலை மூலையாக அளந்தார். எல்லாம் இருக்கவேண்டிய அளவில்தான் இருந்தது. சனிக்கிழமை அது சுரண்டுவதையும் நிறுத்திவிட்டது. நிழல் பக்கத்தில் வயிற்றைத் தரையில் பரப்பிக் கண்ணை மூடிக் கிடந்தது.

அன்று மதியம் அம்மா முதல்முறையாக அதைக் கையில் எடுத்தார். அதுவரை அதைத் தொட்டதே இல்லை. புடவைத் தலைப்பில் ஏந்தி, விரலால் அதன் வயிற்றை ஓரமாகத் தடவிப் பார்த்தார். திராட்சை திராட்சையாகக் கட்டிகள் இருப்பது எனக்கே தெரிந்தது.

“தம்பி” என்றார் அம்மா, “இது மாப்பிள்ளை இல்லடா. இது புள்ளத்தாச்சி.”

மாமா நம்பவில்லை. தனியாகத்தானே இருக்கிறது, ஆண் ஓணானை இதுவரை கண்ணால் பார்த்ததுகூட இல்லையே என்றார். கோழி சேவல் இல்லாமல் முட்டை இடுவதில்லையா என்று அம்மா கேட்டார். முட்டை வைக்க அது மண்ணைத் தேடியிருக்கிறது. இருந்த இடமெல்லாம் நீ டைல்ஸ் போட்டு வைத்திருக்கிறாய். இத்தனை நாளாக அது சுரண்டியது மண்ணுக்காக. அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மாமா அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டைல்ஸையும் அவர்தான் அளந்து வெட்டினார்.

அம்மா காரிடாருக்குப் போய்ப் பெரிய செம்பருத்திச் செடியை வேரோடு பிடுங்கி வைத்துவிட்டு, பூந்தொட்டியிலிருந்த மண்ணையெல்லாம் துணி துவைக்கும் அலுமினியப் பேசினில் கொட்டிக்கொண்டுவந்தார். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஓரத்தில் ஒரு பள்ளமும் செய்துகொடுத்தார். மாப்பிள்ளையை அதில் விட்டோம். அது மண்ணை முகர்ந்தது. ஒரு காலால் கொஞ்சம் தோண்டியது. அதற்குமேல் அதற்குத் தெம்பில்லை. தலையை மண்ணில் வைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் அப்பா பகல் வேலை முடிந்து சீருடையோடு வந்தார். பேசினைச் சுற்றி நாங்கள் மூவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். அம்மா சொன்னார். விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் பிழைக்காது என்பதை மாமா கைபேசியில் படித்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே, கொண்டுபோக முடியாதே என்றும் சொன்னார். ராத்திரி பெட்டியில் வைத்து ஏதாவது மருத்துவமனை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். பேப்பர் பெட்டி ஒன்று எடுத்துவரச் சொன்னார்.

மாமா எழுந்து நின்றார். “நானே போறேன் மச்சான்.”

“நீங்க போனா திரும்பி வரமாட்டீங்க லா” என்றார் அப்பா.

எனக்கு அது புரியவில்லை. மாமாவுக்கு வழி தெரியாதா என்ன? சிங்கப்பூரின் எல்லா மூலைகளிலும் ஏர்கான் கழுவியவர் அவர்.

“கேட்டா என்ன சொல்வீங்க?” என்று அம்மா கேட்டார்.

“என்னோடதுன்னு சொல்வேன்.”

இதைக் கேட்டதும்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் ஒரு சில்வண்டு போட்டதில்லை, தொட்டியைத் துடைத்ததில்லை, ஜன்னலைச் சாத்தச் சொன்னதைத் தவிர அதற்காக அவர் எதுவும் செய்ததில்லை. அது எப்படி அவருடையதாகும்? அது மாமாவுடையது, அதற்கடுத்து என்னுடையது என்று சொன்னேன். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அப்பா சீருடையைக் கழற்றி, மடித்து வைத்துவிட்டு, ஒரு பழைய கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். ஓணான் சீருடையில் அசிங்கம் செய்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். அது எவ்வளவு சுத்தமான பிராணி என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அம்மா பெட்டிக்குள் துண்டை விரித்தார். ஒரு போத்தலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, குளிராமலிருக்கப் பக்கத்தில் வைத்தார். அப்பா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மின்தூக்கிக்குப் போனார். டாக்சியில் அவர் ஏறுவதை மேலிருந்து பார்த்தேன். என்னையும் அழைத்துப்போகச் சொல்லி அழுததற்குப் பலனில்லை.

ராத்திரி வெறுங்கையோடு வந்தார். முட்டைகளை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டது, இனி வேறு இடத்தில் வைத்துக்கொள்வார்கள் என்றார். அந்த இடத்தில் மண் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். அதுதான் அவரிடம் நான் கேட்கும் கடைசிக் கேள்வி என்று முடிவுசெய்துகொண்டேன். இனி இந்த மனிதரோடு பேசுவதில்லை.

மறுநாளே மாமாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கேலாங் பக்கம் பெரிய வேலை, கொஞ்ச நாள் நண்பர்களோடு அங்கேயே தங்கப்போகிறார் என்று அம்மா சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அது சாதாரண வேலையாகத் தெரியவில்லை. அப்பா முதலில் ஒரு மாப்பிள்ளையைத் துரத்தினார், அடுத்து இன்னொரு மாப்பிள்ளையையும் துரத்திவிட்டார் என்று நானாகப் புரிந்துகொண்டேன். மாமாவின் அறையில் கண்ணாடித் தொட்டி மட்டும் விளக்கு அணைந்து கிடந்தது. செம்பருத்தி வேறு பட்டுப்போய்க்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஓர் ஆண், ஓர் இளம்பெண். அதிகாரிகள் என்றார் அம்மா. இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். தொட்டியைப் படம் எடுத்தார்கள். அப்பா அன்று விடுப்பில் இருந்தார். கேட்டதற்கெல்லாம் நின்றுகொண்டே பதில் சொன்னார். தெரிந்தவர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது கொடுத்தது, நான்தான் வைத்திருந்தேன், இங்கே வளர்க்கக்கூடாத பிராணி என்பது எனக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வளர்க்கக்கூடாத பிராணி என்ற சொல்லை நான் கேட்டேன்தான். அப்பா அதை வெறுக்கிறார், அதனால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். புத்தகப்பையை இன்னும் நான் இறக்கவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, அந்தப் பல்லி உன்னுடையதா, யார் உனக்கு வாங்கித் தந்தது என்று அன்பாகக் கேட்டார்.

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. அப்பா என்னைப் பார்த்தார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் நாக்குக்கு வந்தது. மாமா பாடுபட்டுக் கட்டிய வீட்டையும் நாங்கள் வளர்த்த பிராணியையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவர் அவர்தானே. அப்படியென்றால் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

“அப்பாவோடது” என்றேன். “அவர்தான் சொன்னார், அவரோடதுன்னு.”

அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்பதுகூட நினைவில்லை. தமிழிலேயே சொல்லிவிட்டு, மறுபடி ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்பாவை வசமாக மாட்டிவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்பா வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்து பார்த்தால், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு அம்மா என்னைப் பிடித்து இழுத்து, தலையில் முத்தம் கொடுத்தார். எதற்கு என்று தெரியவில்லை. அன்று ராச்சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கித் தந்தார்கள்.

இதெல்லாம் என்ன என்று நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அம்மா ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார். இந்த நாட்டில் அந்தப் பிராணியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மாமாமேல் வழக்கு வந்திருந்தால் வேலை அனுமதி ரத்தாகியிருக்கும், ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், திரும்பி வந்திருக்க முடியாது. அப்பா குடிமகன். அவரை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. அபராதம் கட்டினார். கார்க் கதவுக்குள்ளிருந்து பறவைகளை எடுக்கிறவர் வீட்டிலேயே ஒன்று இருந்ததென்றால், இனி அந்த வரிசையில் நின்று அடுத்தவன் வண்டியைத் திறக்கச் சொல்ல வாய் வராது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே வேலையை விட்டுவிட்டார். பதினாறு வருஷ வேலை. முதல் நாளே தெரிந்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, நீ சிரிச்சிக்கிட்டு இருந்தே என்றாராம்.

மாமாவுக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. தை மாதம் கல்யாணமும் நடந்தது. இப்போது இங்கேயே நிரந்தரவாசம் வாங்கி, பொங்கோலில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். அந்த ஓணான் உண்மையிலேயே பிழைத்ததா, மண் உள்ள இடத்துக்குப் போனதா என்று நான் அப்பாவிடம் மறுபடி கேட்கவில்லை.

ஆனால் அந்த வருஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா வீட்டுக்கு வந்தார். நீல நிறச் சட்டை போட்டிருந்தார். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறதாம். காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவரோடு பேசுவதில்லை என்பதை மறந்துபோய், நாளைக்கும் இந்நேரம் வருவீர்களா என்று கேட்டுவிட்டேன். வருவேன் என்றார். நாளை மறுநாள்? தினமும் என்றார். இரவு வேலையே இல்லையா என்றேன். இனிமே இல்லை என்றார். நான் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினேன். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய நல்ல செய்தி அதுதான்.

அப்போது மாமா கேலாங்கிலிருந்து போன் செய்தார். அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் நான் எடுத்தேன். இதை முதலில் அவருக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

“மாமா, அப்பா வேலையை விட்டுட்டாரு” என்றேன். “யூனிஃபார்மே இனிமே கிடையாது. தினமும் வீட்டுக்கு வந்துடுவாரு. ஜாலி, இல்ல?”

மறுமுனையில் சத்தமே இல்லை. இரண்டு தரம் ஹலோ சொல்லிப் பார்த்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, போனை வைத்துவிட்டுச் சாப்பிட ஓடினேன்.